மகனுக்கு 18 ஆகப்போகிறது, கியர் வண்டி கேட்கிறான்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

மல்லிகைப்பந்தல் (மேலூர்)

வணக்கம். என் மகனுக்கு வரும் ஆவணியில் 18 முடிகிறது. எங்கள் ஊரிலிருந்து மேலூர் பேருந்து நிலையம் 7 கிலோமீட்டர். ஊருக்குள் வருகிற டவுன் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதை விட்டால் நடைதான். மேலூர் போய், அங்கிருந்து மதுரை பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறான். அவன் அப்பா சவுதியில் இருக்கிறார். அவருடைய 100 சிசி வண்டி இரண்டு வருடமாகத் திண்ணையோரம் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அதைத்தான் கேட்கிறான்.

பொங்கல் முடிந்த மறுநாள் அவன் கெண்டைக்காலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம் பார்த்தேன். வெந்நீர் கொட்டிவிட்டது என்றான். வெந்நீர் அப்படி வட்டமாகவா கொட்டும்? சைலன்சர் சுட்டது. நண்பனின் வண்டியைக் கண்மாய்க்கரையில் ஓட்டியிருக்கிறான். சொல்லிக்கொடுத்த பையனுக்கும் அதே வயசு. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிரும்" என்பதுதான் அங்கே கற்றுவந்த ஒரே பாடம்.

திட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் தடுக்கத் தடுக்க இன்னும் தள்ளிப்போய் ஓட்டுவான் என்று தெரிகிறது. நான் ஸ்கூட்டர் ஓட்டுவேன், கியர் வண்டியைத் தொட்டதில்லை. இவனுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுக்க என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_பட்டறை (திண்டுக்கல்)

அக்கா, 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த முன் பிரேக் பாடத்தைத்தான் முதலில் அழிக்க வேண்டும். என்னிடம் வருகிற சின்னப் பையன்களின் வண்டியைக் கழற்றினால் பின் பிரேக் ஷூ தகடாகத் தேய்ந்திருக்கும், முன்னால் இருப்பது கடையில் வாங்கியபடியே இருக்கும். எப்படி ஓட்டுகிறான் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பஸ்ஸில் டிரைவர் பிரேக் அடித்தால் நிற்கிறவர்கள் எல்லாரும் முன்னால் சாய்வார்கள் இல்லையா? பைக்கிலும் அதேதான். பாரம் முன்னால் போகிறது, முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை மட்டும் இறுக்கினால் அது பூட்டிக்கொண்டு வழுக்கிக்கொண்டே போகும். நல்ல ரோட்டில் வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது.

தூக்கி அடிப்பதும் உண்மைதான். ஆனால் அது பட்டென்று மொத்தமாக இழுத்தால், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது இழுத்தால், மணலிலோ சரளையிலோ இழுத்தால். என் தம்பி மகனுக்கு நான் சொன்னது, "எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி பிடி". முதலில் மெல்லத் தொடுவது, அப்புறம் கூட்டிக்கொண்டே போவது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வண்டி நேராக நிமிர்ந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம். இரண்டு வருடம் நின்ற வண்டியை அப்படியே எடுத்துக் கையில் கொடுத்துவிடாதீர்கள். பழைய பெட்ரோலை இறக்க வேண்டும், பேட்டரி செத்திருக்கும், பிரேக் கேபிள் துருப்பிடித்திருக்கும், டயர் கல்லாகியிருக்கும். டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற மேடுகள்) இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நகத்தால் அழுத்தினால் வெடிப்பு வாய் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் மாற்றுங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று தேதியையும் பார்த்துவிடுங்கள்.

---

கரிசல்காடு (கோவில்பட்டி)

சகோதரி, நான் என் மகளுக்குக் கற்றுக்கொடுத்தவன். ஆவணி வரை ரோட்டில் கொடுக்காதீர்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் கொண்டுவந்த 199ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். 18 ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ஏழு மாதப் பொறுமைக்கு எதிரே ஏழு வருடம். இதை உங்கள் மகனிடம் அப்படியே சொல்லுங்கள். திட்டுவதை விட இது நன்றாகக் காதில் ஏறும்.

16 வயதில் கியர் இல்லாத வண்டி ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். அது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு. இன்று கடையில் நிற்கிற ஸ்கூட்டர்கள் 100, 110, 125 சிசி. டிவிஎஸ் எக்ஸெல் கூட இப்போது 100 சிசி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வைத்திருப்பவர் ரோட்டில் பழகும்போது, அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ளவர் கூட இருக்க வேண்டும். உங்கள் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் என்றால் அவனுடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க உங்களுக்குத் தகுதி கிடையாது. அண்ணனோ தம்பியோ இருந்தால் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றவும் கூடாது. எல் போர்டு முன்னும் பின்னும், வெள்ளையில் சிவப்பு எழுத்து.

சரி, அதுவரை என்ன செய்வது? நான் என் மகளை ஒரு மாதம் சைக்கிளில் ரோட்டுக்கு அனுப்பினேன். திரும்பும் முன் தோளுக்கு மேல் பார்ப்பது, கை காட்டுவது, பஸ்ஸுக்கு இடம் விடுவது எல்லாம் சைக்கிளிலேயே வந்துவிடும். அப்புறம் என் வண்டியில் பின்னால் உட்காரவைத்து, "எனக்கு ரோட்டைச் சொல்லிக்கொண்டே வா" என்றேன். முதல் நாள், "கடை இருக்கு, மரம் இருக்கு" என்றாள். இரண்டு வாரம் கழித்து எட்டயபுரம் ரோட்டில், "அப்பா, நிக்கிற பஸ்ஸுக்கு அடியில ரெண்டு கால் தெரியுது" என்றாள். வேகத்தைக் குறைத்தேன். ஒரு பாட்டி பஸ்ஸின் முன்பக்கமாக விறுவிறுவென்று ரோட்டைக் கடந்தார். இவளுக்கு இனி கிளட்ச் சொல்லிக்கொடுக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

---

மல்லிகைப்பந்தல்

அண்ணா, அந்த லைசென்ஸ் விஷயம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். 199ஏ பிரிவை அவனிடம் படித்துக் காட்டினேன். 25 வயது என்றதும் முகம் மாறிவிட்டது. நாளையிலிருந்து என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ரோட்டைச் சொல்லப்போகிறான். டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டால் போதுமா?

---

நெல்மணி (தஞ்சாவூர்)

எல்லாரும் இவ்வளவு யோசித்தால் யாரும் வண்டி பழக முடியாது என்பது என் கருத்து. நாங்கள் எல்லாம் அப்பா தூங்கும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வயல் ரோட்டில் பழகியவர்கள். விழுந்தோம், எழுந்தோம். பயம் காட்டி வளர்த்தால் ரோட்டில் பயந்து பயந்து ஓட்டுவான், அதுவும் ஆபத்துதான். டிரைவிங் ஸ்கூல் பணத்துக்கு ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கலாம். என் மகனை ஒரு பள்ளியில் சேர்த்தேன். ஐந்து நாளும் எட்டு மட்டுமே போடவைத்தார்கள். மூன்றாவது கியர் போடாமலேயே லைசென்ஸ் வாங்கிவந்தான்.

---

இரவுப்பணி (திருச்சி)

நெல்மணி சார், உங்கள் மேல் கோபமில்லை. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். விழுந்து எழுந்தவர்கள் பிறகு கதை சொல்ல இருக்கிறார்கள். எழாதவர்களை நான் பார்க்கிறேன்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கையில் நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறக்குறைய 44 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் போடாததால் இறந்தவர்கள் என்று மட்டும் 50,029 பேரைக் கணக்கு காட்டியிருக்கிறார்கள்.

தங்கச்சி, பெரிய விபத்தை விடுங்கள், சின்னதைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு பையன் வந்தான். வேகம் அதிகம் இல்லை, மணலில் சறுக்கியிருக்கிறான். விழும்போது யாருக்கும் கை தன்னால் முன்னே போகும். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. சதைக்குள் பொடிக்கல்லும் தாரும். மரத்துப்போகிற மருந்து போட்டு, சலைன் ஊற்றி ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்துத்தான் எடுத்தோம். எடுக்காமல் விட்டால் சீழ் பிடிக்கும், தழும்பும் கறுப்பாக நின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு அவன் அம்மாதான் சோறு ஊட்டினார்கள். ஒரு ஜோடி கையுறை போட்டிருந்தால் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். கையுறை, கணுக்கால் மூடிய ஷூ, ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை. வெயிலாக இருக்கிறது என்று இதில் ஒன்றையும் குறைக்காதீர்கள்.

ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோடு, ஐஎஸ் 4151 என்று எழுதியிருக்க வேண்டும். தையல்காரர் டேப்பை எடுத்துப் புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். போட்டுப் பார்க்கும்போது கன்னம் லேசாக அமுங்க வேண்டும். பட்டையை மாட்டியபின் பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப்பாருங்கள். கழன்று வந்தால் அந்தச் சைஸ் வேண்டாம். பட்டை மாட்டாத ஹெல்மெட் விழுகிற நொடியில் முதல் ஆளாகப் பறந்துவிடும். ஒரு தடவை அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். அதை மறுபடியும் போடக் கூடாது.

நீங்களும் போட வேண்டும். பக்கத்துத் தெருவுக்குப் போவதானாலும்.

---

நெல்மணி

அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்தபின் எனக்கு வேறு பேச்சு இல்லை. கையுறை விஷயம் எனக்குத் தோன்றியதே இல்லை. என் மகனுக்கு இன்றைக்கே வாங்குகிறேன்.

---

செமஸ்டர்5 (கோவை)

ஆன்ட்டி, எனக்கு 20 வயசு. உங்கள் மகன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நான் தனியாக ஓட்டும்போது ஒழுங்காகத்தான் ஓட்டுவேன். பின்னால் ஒரு நண்பன் ஏறினால் எனக்கே தெரியாமல் 20 கிலோமீட்டர் கூடும். மூன்று பேர் மூன்று வண்டியில் போனால் இன்னும் மோசம். "முந்து" என்று யாரும் வாயால் சொல்வதில்லை, ஆனால் பின்தங்க மனசு வராது. போன வருடம் ஒன்பது பேராகக் கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஒருவன் வளைவுக்குள் போனபின் பிரேக் பிடித்து, எதிரே வந்த பஸ்ஸின் பக்கத்தில் உரசி விழுந்தான். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். அவன்தான் எங்களில் நன்றாக ஓட்டுகிறவன் என்று எல்லாரும் நினைத்திருந்தோம்.

அதனால் முதல் ஆறு மாதம் பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். அவன் நண்பர்களிடம், "அம்மா சாவியை வாங்கிடுவாங்க" என்று உங்கள் பெயரைச் சொல்லித் தப்பிக்கட்டும். எங்களுக்கு அப்படி ஒரு சாக்கு தேவைப்படும். போன் பைக்குள் இருக்க வேண்டும், பாக்கெட்டில் வேண்டாம். அடித்தால் கை தன்னால் போகும்.

என் அப்பா செய்த ஒரு விஷயம் இன்னும் என்னைக் காப்பாற்றுகிறது. "ராத்திரி எந்நேரமானாலும், தூக்கம் வந்தாலும், மழை பெய்தாலும், கூட வந்தவன் குடித்திருந்தாலும் போன் பண்ணு. வந்து கூட்டிக்கொண்டு போவேன். அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்" என்றார். இரண்டு தடவை பண்ணியிருக்கிறேன். நிஜமாகவே ஒன்றும் கேட்கவில்லை. டீ வாங்கிக்கொடுத்துக் கூட்டிவந்தார்.

---

தேக்கா (சிங்கப்பூர்)

இங்கே மோட்டார்சைக்கிள் லைசென்ஸ் படிப்படியாகத்தான் கொடுப்பார்கள். முதலில் கிளாஸ் 2பி, 200 சிசி வரை. அதை ஒரு வருடம் வைத்திருந்தால் 2ஏ, 400 சிசி வரை. இன்னும் ஒரு வருடம் கழித்துத்தான் அதற்கு மேல். நம் ஊரில் கியர் வண்டிக்கு ஒரே லைசென்ஸ். 18 வயதுப் பையன் காலையில் டெஸ்ட் பாஸ் செய்து சாயங்காலம் 650 சிசி எடுத்தாலும் சட்டம் தடுக்காது. அந்தப் படியை வீட்டில் நாம்தான் வைக்க வேண்டும். அக்கா, உங்கள் வீட்டில் நிற்கிற 100 சிசி வண்டியே அவனுக்கு நல்ல முதல் வண்டி. ஒரு வருடம் அதில் ஓட்டட்டும்.

---

பழைய_பட்டறை

கிளட்ச் பழக்கும் முறையைச் சொல்லாமல் விட்டேன். தட்டையான பொட்டலில் முதல் நாள் ஆக்ஸிலேட்டரே வேண்டாம். முதல் கியர் போட்டு, இரண்டு காலும் தரையில் தொட, கிளட்சை நூல் நூலாக விடச்சொல்லுங்கள். ஓரிடத்தில் வண்டி லேசாக முன்னால் நகரப் பார்க்கும், இன்ஜின் சத்தம் கொஞ்சம் அமுங்கும். அந்த இடத்திலேயே விரலை நிறுத்தி, வண்டி நடந்து வருகிற வேகத்தில் பத்தடி போய், மறுபடி கிளட்சைப் பிடித்து நிற்க வேண்டும். நூறு தடவை. அந்த இடம் கைக்குத் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

அப்புறம் பிரேக். ஒரு கோடு போட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் நிறுத்த வேண்டும். அது சரியானபின் 30, அப்புறம் 40. கடைசியில், நீங்கள் எதிர்பாராமல் கை தட்டும்போது நிறுத்தச் சொல்லுங்கள். கை தட்டியதிலிருந்து பிரேக்கில் விரல் போவதற்குள் ஒரு நொடி போய்விடும். 40இல் அந்த ஒரு நொடியில் 11 மீட்டர், 60இல் ஏறக்குறைய 17 மீட்டர். அதற்குப் பிறகு வண்டி நிற்க எடுக்கிற தூரமும் 40ஐ விட 60இல் இரண்டே கால் மடங்கு. இதைச் சொன்னால் புரியாது. செங்கல் வைத்து அளந்து காட்டுங்கள். என் தம்பி மகன் 40க்கும் 30க்கும் உள்ள இடைவெளியை நடந்து பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றான்.

எட்டு போடவும் கற்கட்டும், அது மெதுவான வேகத்தில் கண் எங்கே பார்க்கிறதோ அங்கே வண்டி போகும் என்பதைக் கற்றுக்கொடுக்கும். முன் சக்கரத்தைப் பார்த்தால் விழுவான். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் திரும்பும்.

மேலூர்ப் பக்கம் நாலுவழிச்சாலை இருக்கிறது. அதை முதல் வருடம் தொடவே வேண்டாம் என்பேன். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிறவர்கள், இரவில் பின் விளக்கில்லாத டிராக்டர், லாரியின் இடப்பக்கம். லாரிக்காரரின் முகம் அவருடைய கண்ணாடியில் நமக்குத் தெரியாவிட்டால் நாமும் அவருக்குத் தெரியமாட்டோம். ஊர் ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள், அதன் மேல் பிரேக் பிடித்தால் உருளும். புதிதாகத் தூறல் விழும்போது ரோடு ரொம்ப வழுக்கும். ஒரு அரைமணி நேரம் எங்காவது ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள்.

---

மல்லிகைப்பந்தல் (ஐப்பசியில் எழுதியது)

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆவணியில் பிறந்தநாள் வந்த வாரமே எல்.எல்.ஆர். போட்டோம். ஆமாம், இரண்டு பேரும். கரிசல்காடு அண்ணா சொன்னதிலிருந்து மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. என் லைசென்ஸில் கியர் வண்டியையும் சேர்க்க நானும் விண்ணப்பித்தேன். என் தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு வந்து ஊர்ப் பொட்டலில் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தான். வண்டியைப் பட்டறையில் விட்டுக் கேபிள், பேட்டரி, இரண்டு டயர், முன் பிரேக் ஷூ எல்லாம் மாற்றினோம். இன்சூரன்ஸ் முடிந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. புதிதாக எடுத்தோம்.

செங்கல் வைத்து அளந்தோம். முதலில் மகன் 40இல் வந்தபோது பழக்கதோஷத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதித்துவிட்டான். வண்டி வாலை ஆட்டிக்கொண்டு போய் நின்றது. அந்த இடத்தில் ஒரு செங்கல். அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திய இடத்தில் ஒரு செங்கல். என் தம்பி இரண்டு செங்கலுக்கும் நடுவே மல்லாந்து படுத்துக் காட்டினான். தலைக்கு மேலும் இடமிருந்தது, காலுக்குக் கீழும் இடமிருந்தது. "இந்த இடத்துல ஒரு ஆள் நின்னா என்னடா?" என்று கேட்டான். மகன் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு முன் பிரேக்கைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்குக் கிளட்ச் வரவே இல்லை. முதல் ஞாயிறு முழுக்க இன்ஜின் அணைந்துகொண்டே இருந்தது. மகன் பக்கத்தில் நடந்துவந்து, "சத்தம் அமுங்குதாம்மா? அங்கேயே நிறுத்து, விரலை விடாத" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பட்டறை அண்ணன் எழுதியதை மனப்பாடமே செய்திருக்கிறான்.

இருவருக்கும் முழு ஹெல்மெட், கையுறை வாங்கினோம். முதல் ஆறு மாதம் பின்னால் யாரும் கிடையாது, மேலூர் பேருந்து நிலையம் வரை மட்டும்தான், அங்கிருந்து பஸ் என்று பேசிவைத்திருக்கிறோம். செமஸ்டர்5 தம்பி சொன்ன மாதிரி நானும் அவனிடம், எந்நேரமும் போன் பண்ணு, ஒன்றும் கேட்கமாட்டேன் என்று சொன்னேன். "நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

போன புதன் டெஸ்ட். அவன் பாஸ். நான் எட்டு போடும்போது கால் ஊன்றிவிட்டேன். மறுபடி போக வேண்டும்.

பட்டறை அண்ணனுக்கு ஒரு கேள்வி. அடைமழை பிடித்துக்கொண்டது. காலையில் பேருந்து நிலையம் போய்ச் சேர்ந்ததும், "வந்துட்டேன்" என்று எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறான். இன்று அதோடு, பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் கிரீச்சென்று சத்தம் வருகிறது என்றும் அனுப்பியிருந்தான். புது ஷூ போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. தண்ணீர் புகுந்ததாலா, இல்லை கழற்றிப் பார்க்க வேண்டுமா? நீங்கள் சொல்லும் வரை நாளைக்கு நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன்.

---

பழைய_பட்டறை

டிரம்முக்குள் தண்ணீரும் தூசியும் சேர்ந்தால் அப்படிக் கத்தும் அக்கா. இருந்தாலும் கழற்றிப் பார்ப்பதே நல்லது. உள்ளே துணியால் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மாட்டச்சொல்லுங்கள், கால்மணி நேர வேலை. லீவரை இழுத்தால் எவ்வளவு தூரம் சும்மா வருகிறது என்பதையும் பார்த்து, கேபிளை இறுக்கச் சொல்லுங்கள். புது ஷூ படியப் படியக் கொஞ்சம் தளரும். அவன் சத்தத்தைக் கவனித்துச் சொன்னதற்கு நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லுங்கள்.